தாமரை இலைத் தண்ணீரா நம் துறைகள்?

ஒட்டியும் ஒட்டாமலும் வாழ்கிறவனைக் கண்டால், “தாமரை இலைத் தண்ணீர் போல இருக்கிறான்” என்பார்கள் நம் பாட்டிமார். தண்ணீர் இலையின் மேலேதான் கிடக்கும். ஆனால் இலையை நனைக்காது. காற்று சற்றே அசைத்தாலும் முத்துப் போல உருண்டு ஓடிவிடும். இந்தப் பழமொழியை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

கேட்டவர் ஒரு தாவரவியல் அறிஞர். ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் பார்த்லாட் என்பவர். 1970களில் பலவகை இலைகளை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார் அவர். இலைகளை அக்கருவியில் வைக்குமுன் தூசி போகக் கழுவுவது வழக்கம். சிலவகை இலைகளுக்கு மட்டும் அந்த வேலையே இல்லை. எப்போது எடுத்தாலும் அவை தூய்மையாகவே இருந்தன. அவற்றுள் தலையாயது தாமரை. இதன் காரணத்தை விளக்கி, அவரும் நைன்ஹூயிஸ் என்பவரும் 1997-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தாமரை இலை நாம் நினைப்பது போல வழுவழுப்பானதன்று. கண்ணுக்குப் புலப்படாத சிறு மேடுகள் அதன் மேல் நிறைந்திருக்கின்றன. அம்மேடுகளின் மேல் இன்னும் நுண்ணிய மெழுகுக் குழல்கள் இருக்கின்றன. நீர்த்துளி அம்முனைகளின் மேல் நிற்கிறது. துளிக்கும் இலைக்கும் இடையே காற்று தங்கிவிடுகிறது. உருண்டோடும் துளி தூசியையும் வாரிக்கொண்டு போகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இலை தாவரவியலாரின் சொத்து. மெழுகு இரசாயனியின் சொத்து. துளி ஏன் உருண்டையாகிறது என்பது பௌதிக நூலாரின் கேள்வி. அதைக் காட்டிய கருவியோ எஞ்சினீயரின் கைவண்ணம். நால்வரின் அறிவும் ஒன்றுசேர்ந்த பிறகே நம் பாட்டியின் பழமொழிக்கு விளக்கம் கிடைத்தது.

அந்த நால்வரும் நம் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார்கள். ஒரே சாலையில் அடுத்தடுத்த கட்டடங்களில் இருக்கிறார்கள். ஒரே கடையில் தேநீர் அருந்துகிறார்கள். ஆனால் ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் தாமரை இலைத் தண்ணீர்தான்! இந்த ஒட்டாமை நீங்க வேண்டும். அதற்கு ஏற்ற முதல் வேலை, மேற்பரப்பு விஞ்ஞானத்தைப் பல துறையினரும் கூடிச் செய்யும் பொது ஆராய்ச்சியாக இங்கே தொடங்குவதுதான். இதுவே என் கட்சி.

மேற்பரப்பு என்னும் எல்லை

“மேற்பரப்பு என்பது ஒரு பொருளின் மேல்தோல்தானே? அதற்கென்று தனியாக ஒரு விஞ்ஞானமா?” என்று இலக்கிய மாணவ நண்பர்கள் கேட்கலாம். ஒரு குவளைத் தண்ணீரை எண்ணிப் பாருங்கள். நடுவிலுள்ள மூலக்கூறை அதன் அயலார் எல்லாப் பக்கமும் சமமாக இழுக்கின்றனர். அது அமைதியாக இருக்கிறது. நீரின் மேல்மட்டத்தில் நிற்கும் மூலக்கூறுக்கோ மேலே துணை இல்லை. பக்கத்திலும் கீழேயும் மட்டுமே இழுப்பு. ஊர் எல்லையில் குடியிருப்பவனுக்கு, நடுத்தெருக்காரனுக்கு இல்லாத கவலைகள் உண்டல்லவா? அதுபோல மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளுக்கு ஓர் உபரிச் சக்தி இருக்கிறது. துளி உருண்டையாவதும், பூச்சி நீர்மேல் நடப்பதும், கரித்தூள் நாற்றத்தை ஈர்ப்பதும், சோப்பு அழுக்கைப் பெயர்ப்பதும் அந்தச் சக்தியின் விளையாட்டே.

அந்த எல்லை சிறியதென்றும் எண்ணவேண்டாம். நன்கு பதப்படுத்திய கரித்தூள் ஒரு கிராமுக்குள் நுண்துளைகளின் சுவர்களையெல்லாம் கூட்டினால், பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் வரும். நம் ஊர்க் கணக்கில் 25 சென்ட் நிலம்! ஒரு சிட்டிகைத் தூளுக்குள் ஒரு மனைக்கட்டு.

உலகத்தின் சோற்றுப் பானைகூட ஒரு மேற்பரப்பை நம்பித்தான் இருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் ஹேபர்–பாஷ் முறையில் இரும்புத்தான் கிரியா ஊக்கி. அந்த இரும்பின் மேல் அணுக்கள் எவ்வாறு பிரிகின்றன, எவ்வாறு சேர்கின்றன என்பதைப் படிப்படியாகக் காட்டியவர் கெர்ஹார்ட் எர்ட்ல். அவர் கல்லூரியில் படித்தது பௌதிகம். 2007-இல் நோபல் பரிசு பெற்றதோ இரசாயனத்துக்கு. எந்தக் கட்டடத்தில் அவரை உட்கார வைப்பது?

கழுவுதொட்டியிலிருந்து சிசுவின் மூச்சு வரை

இந்த விஞ்ஞானத்தின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒரு சமையலறையில் தொடங்குகிறது.

ஜெர்மனியில் பிரௌன்ஷ்வைக் என்னும் நகரில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண்மணி வாழ்ந்தார். 1862-இல் பிறந்தவர். பௌதிகம் கற்க அவருக்கு ஆசை. ஆனால் அந்நாளில் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு இடமில்லை. பெற்றோரைப் பேணுவதும், சமைப்பதும், பாத்திரம் கழுவுவதுமே அவருக்கு வாய்த்தன. கழுவும் நீரின் மேல் எண்ணெய் படர்வதையும், சோப்புப் பட்டதும் அது விலகுவதையும் அவர் பார்த்தார். நாமும்தான் பார்க்கிறோம்! அவர் பார்த்ததோடு நிற்கவில்லை. தகரத்தில் ஒரு தொட்டி செய்தார். அதில் விளிம்பு வரை நீர் நிரப்பி, குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து, அதை நகர்த்தி நீர்ப்பரப்பைச் சுருக்கினார், விரித்தார். ஒரு சிறு வட்டத் தகட்டை நீரின் பிடியிலிருந்து விடுவிக்க எவ்வளவு விசை வேண்டும் என்று தராசில் அளந்தார். பௌதிகம் படித்த தம்பி புத்தகங்கள் தந்து உதவினார். ஏறக்குறைய 10 ஆண்டுகள் இவ்வாறு தனியே உழைத்தார்.

1891 ஜனவரியில், இங்கிலாந்தின் புகழ்பெற்ற பௌதிக அறிஞர் ராலே பிரபுவுக்குத் தம் முடிவுகளை ஒரு கடிதமாக எழுதினார். முன்பின் அறியாத ஒரு பெண். பட்டம் இல்லை, பதவி இல்லை, துறை இல்லை. பிரபு அக்கடிதத்தைக் குப்பையில் போடவில்லை. ஆங்கிலத்தில் பெயர்க்கச் செய்து ‘நேச்சர்’ பத்திரிகைக்கு அனுப்பி, அதே ஆண்டு மார்ச்சில் வெளிவரச் செய்தார். ராலே பெருமான் செய்த பெரிய காரியங்களுள் இதுவும் ஒன்று என்பேன்.

அந்தத் தொட்டியைச் செம்மைப்படுத்திக் கையாண்டவர் இர்விங் லாங்மியூர். உலோக எஞ்சினீயரிங் படித்து, பின்பு இரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் மின்விளக்குகளோடு மல்லாடியவர் அவர். நீர்மேல் படரும் எண்ணெய், ஒரே ஒரு மூலக்கூறு கனமுள்ள படலமாக நிற்க முடியும் என்பதை 1917-இல் விரிவாக விளக்கினார். 1932-இல் நோபல் பரிசு பெற்றார். பாக்கெல்ஸ் அம்மையாருக்கும் அதே ஆண்டில்தான், தம் 70-ஆம் வயதில், சொந்த ஊரின் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது.

கதை இத்துடன் முடியவில்லை. ஹாலந்தில் கோர்ட்டர் என்று ஒரு குழந்தை வைத்தியர் இருந்தார். 1925-இல் அவரும் கிரெண்டல் என்பவரும் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, அதே வகைத் தொட்டியில் நீர்மேல் பரப்பினார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல அது இரு மடங்கு இடத்தை அடைத்தது. அப்படியானால் உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது என்று முடிவு கட்டினார்கள். அவர்கள் கணக்கில் இரண்டு பிழைகள் இருந்தன. அவை ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டன என்பது பின்னால் தெரிந்தது. முடிவு மட்டும் இன்றுவரை நிலைத்து நிற்கிறது. பாத்திரம் கழுவிய தொட்டி, உயிரின் வாசற்கதவைத் திறந்துவிட்டது!

இனித்தான் நெஞ்சை உலுக்கும் பகுதி. நம் நுரையீரலில் கோடிக்கணக்கான சிறு காற்றறைகள் உண்டு. அவற்றின் உட்புறம் ஈரமானது. ஈரம் இருந்தால் பரப்பு இழுவிசையும் இருக்கும். அறை சிறிதாகச் சிறிதாக அதை மூடிவிடப் பார்க்கும் அழுத்தம் மிகும். இது சோப்புக் குமிழியைப் பற்றிப் பௌதிக வகுப்பில் நாம் படித்த அதே விதி. நுரையீரல் விரிவதற்கு எதிராக நிற்கும் விசையில் பெரும்பங்கு இந்தப் பரப்பு இழுவிசைதான் என்று 1929-லேயே சுவிட்சர்லாந்தின் வான் நீர்கார்ட் சோதித்துக் காட்டினார். அதை யாரும் பெரிதாகக் கொள்ளவில்லை. பரப்பு இழுவிசையோடு பழகியவர்களுக்கு நுரையீரல் அயல்நாடு. நுரையீரலை அறிந்தவர்களுக்குப் பரப்பு இழுவிசை அயல்மொழி. ஏறத்தாழ 25 ஆண்டுகள் அக்கட்டுரை கேட்பாரற்றுக் கிடந்தது.

1955-இல் இங்கிலாந்தில் பாட்டில் என்பவரும், 1957-இல் அமெரிக்காவில் கிளெமென்ட்ஸ் என்பவரும், நுரையீரலில் இழுவிசையைக் குறைக்கும் சோப்புப் போன்ற ஒரு பொருள் இருப்பதைக் காட்டினர். கிளெமென்ட்ஸ் பயன்படுத்தியதும் படலத்தைச் சுருக்கி விரிக்கும் ஒரு தொட்டிதான். மேரி எல்லன் ஏவரி என்ற இளம் வைத்தியர் அவரிடம் சென்று அம்முறையைக் கற்றார்; குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறி இறந்த சிசுக்களின் நுரையீரலில் அப்பொருள் போதிய அளவு இல்லை என்பதை 1959-இல் மீட் என்பவருடன் சேர்ந்து நிறுவினார். ஆயினும் மருந்து வரக் காலமாயிற்று. 1963 ஆகஸ்டில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் குறைமாதக் குழந்தை இந்நோயால் இரண்டு நாள்கூட நிறையாமல் மறைந்தது. அதிகாரமும் செல்வமும் அருகில் நின்றும் பயனில்லை. 1980-இல் ஜப்பானில் ஃபுஜிவாரா குழுவினர், மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த பொருளை 10 சிசுக்களின் மூச்சுக்குழலில் செலுத்திப் பயன் கண்டனர். இன்று அது உலகெங்கும் கையாளப்படும் சிகிச்சை.

பாத்திரம் கழுவிய பெண்மணி, விளக்குக் கம்பெனி இரசாயனி, குழந்தை வைத்தியர், உடலியல் அறிஞர்! இவர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்த சுடர் அது. 1929-இல் எழுதியதை அடுத்த துறையினர் அன்றே படித்திருந்தால் அந்தச் சுடர் எவ்வளவு முன்னால் வந்திருக்கும்? துறைகளுக்கிடையே எழுப்பிய சுவருக்கு விலை உண்டு. அந்த விலையைச் சில வேளைகளில் பச்சிளம் சிசுக்கள் கொடுக்கின்றன.

நம் நாட்டுக் கணக்கு

இந்தியாவுக்கு இது புதிய விதையன்று. 1950 ஜனவரியில் புனேயில் தேசிய இரசாயன ஆராய்ச்சிக்கூடம் திறக்கப்பட்டபோது, அதன் முதல் தலைவராக வந்தவர் கனடாவில் பிறந்த மக்பெய்ன். சோப்புக் கரைசலையும் மேற்பரப்பையும் ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். தமிழ்நாட்டில், காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததன் பயனாக மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடம் 1953 ஜனவரியில் பிறந்தது. துருவை எதிர்க்கும் போரில் அது இன்றும் முன்னணியில் நிற்கிறது.

துரு என்றதும் என் ஊர் நினைவு வருகிறது. நான் மண்டபத்துக்காரன். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் வர்ணம் அடிப்பார் அப்பா. ஆண்டுதோறும் உப்புக்காற்று அதை உரித்துப் போடும். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். நூறாண்டுக்கு மேல் கடலோடு போராடிய அப்பாலத்தில், கப்பலுக்கு வழிவிடும் நடுப்பகுதி அரிமானத்தால் நலிந்துவிட்டதென்று 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. உப்புக்காற்றைத் தாங்குவதற்காக அதற்குப் பாலிசிலாக்ஸேன் என்னும் தனிவகைப் பூச்சுப் பூசியிருக்கிறார்கள்.

அந்தப் பூச்சு எந்தத் துறையைச் சேர்ந்தது? பூச்சின் கூட்டுப்பொருள் இரசாயனம். அது எஃகைப் பற்றி நிற்பது பௌதிகமும் உலோகவியலும். கடல்நீரில் நிற்கும் தூண்களில் சிப்பியும் பாசியும் ஒட்டுவது உயிரியல். ஆயிரக்கணக்கான பேர் ஏறிச் செல்லும் பாலத்தைச் சில மயிரிழைக் கனமுள்ள ஒரு படலம் காக்கிறது. கடலுக்குத் துறை வேறுபாடு தெரியாது. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில் தாக்குகிறது. நாம் மட்டும் தனித்தனியே நின்று காப்போம் என்பது என்ன நியாயம்?

நான் கண்டதும் கற்றதும்

இவ்வளவு பேசுகிற நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், என் தவறும் இதில் உண்டு.

முதுகலை இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது, எஃகின் அரிமானத்தை வேப்பிலைச் சாறு எவ்வாறு தடுக்கிறது என்பது. எஃகுத் துண்டுகளை உப்புத்தாள் கொண்டு தேய்த்து மெருகேற்றி, நீர்த்த அமிலத்தில் இட்டு, சாற்றின் அளவைக் கூட்டிக் கூட்டி எடைக் குறைவை அளந்தேன். சாறு கூடக் கூட அரிப்புக் குறைந்தது. எண்களை லாங்மியூரின் வாய்பாட்டில் இட்டு வரைந்தேன். அழகான நேர்கோடு வந்தது! சாற்றின் மூலக்கூறுகள் எஃகின் மேல் ஒரே அடுக்காகப் போர்த்திவிட்டன என்று முடிவெழுதி மகிழ்ந்தேன்.

அந்தப் போர்வையைக் கண்ணால் காண ஆசைப்பட்டேன். அதற்குரிய மைக்ராஸ்கோப் இன்னொரு துறையில் இருந்தது. எங்கள் கட்டடத்திலிருந்து அது 200 அடி தூரம். விண்ணப்பம் எழுதினேன். வழிகாட்டியின் கையொப்பம், எங்கள் துறைத்தலைவரின் கையொப்பம், அவர்கள் துறைத்தலைவரின் கையொப்பம், பிறகு கட்டணத்துக்கு அலுவலக முத்திரை. ஐந்து வாரங்கள் ஓடின. அதுவோ மழைக்காலம். வரிசையில் காத்திருந்த என் எஃகுத் துண்டுகள் துருப்பிடித்துவிட்டன. அரிமானத்தை ஆராயப் போனவனின் மாதிரிகளை அரிமானமே தின்றது! யார் மேலும் எனக்குக் கோபமில்லை. அவரவர் தத்தம் விதிப்படியே நடந்தார்கள். விதிகள் எழுதப்பட்ட நாளில், அடுத்த கட்டடத்திலிருந்து ஒருவன் வருவான் என்று எவரும் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

வழி பிறந்தது தைப்பொங்கலன்று. நம் சங்கத்துப் பொங்கல் விழாவில், பானைக்குப் பக்கத்தில் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தபோது, தாவரவியல் துறையில் ஆராய்ச்சி செய்யும் அக்கா ஒருவரிடம் என் துயரத்தைச் சொன்னேன். ஓர் ஊசிக்குழலும் மேஜை விளக்கும் என் கைப்பேசியும் கொண்டு, எஃகின் மேல் நீர்த்துளி நிற்கும் சேர்கோணத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு, “தம்பி, ஒரே துண்டில் இங்கே துளி பரந்து கிடக்கிறது, அங்கே உருண்டு நிற்கிறது. ஒரே அடுக்காகப் போர்த்தியிருந்தால் இப்படி வருமா? இலைமேல் மெழுகு திட்டுத் திட்டாகப் படிந்த மாதிரி அல்லவா இருக்கிறது?” என்றார். அடுத்த வாரம் தம்முடைய இலைகளோடு என் துண்டுகளையும் அவர் துறைக் கருவியில் வைத்துப் பார்த்தார். அவர் சொன்னதே சரி. சாறு திட்டுத் திட்டாகத்தான் படிந்திருந்தது. இடையிடையே எஃகு வெறுமையாகவே இருந்தது.

நேர்கோடு வந்தது மெய். அதிலிருந்து நான் எடுத்த முடிவு பொய். ஓர் அத்தியாயத்தையே திரும்ப எழுதினேன். வாய்பாட்டில் நேர்கோடு வந்துவிட்டால் அதற்குமேல் கேளாமல் நின்றுவிடும் பழக்கம் எனக்கு இருந்தது. இலைகளையே பார்த்துப் பழகிய ஒருவரின் கண் அதைக் கலைத்தது. இந்த நன்மை ஒரு பொங்கல் பானையின் தயவால் நேர்ந்தது. பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டால் அல்லவா அது நேர்ந்திருக்க வேண்டும்?

செய்யத்தக்கவை நான்கு

பெரிய கட்டடமோ புதிய பெயர்ப்பலகையோ முதலில் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. நான்கு காரியங்களே கேட்கிறேன்.

முதலாவது, கருவிகளின் பட்டியல். எந்தத் துறையில் எந்தக் கருவி இருக்கிறது, எந்த நாளில் எந்த நேரம் பிறருக்குக் கிடைக்கும் என்று எல்லாரும் காண எழுதி வைக்கட்டும். வழிகாட்டியின் ஒரு கையொப்பம் போதும் என்றாகட்டும். நாட்டிலுள்ள ஆராய்ச்சிக் கருவிகளைப் பொதுவில் பகிர்வதற்கென்று ‘ஐ-ஸ்டெம்’ என்ற ஏற்பாட்டை மத்திய அரசே 2020 ஜனவரியில் தொடங்கியது. வெளியூர்க் கருவிக்கு வழி பிறந்த பிறகும் அடுத்த கட்டடத்துக் கருவிக்கு வழி இல்லை என்றால் நகைப்புக்கிடமல்லவா? கருவியோடு அதை இயக்கத் தெரிந்த ஒரு நிரந்தர ஊழியரும் வேண்டும். ஆளில்லாத கருவி, துணி போர்த்திய சிலை.

இரண்டாவது, இரு வழிகாட்டிகள். மேற்பரப்பைத் தொடும் ஆய்வு எதற்கும், விரும்பும் மாணவர் இரு துறைகளிலிருந்து இரு வழிகாட்டிகளைக் கொள்ளலாம் என்று விதி வேண்டும். அந்த உழைப்பு இரு துறைக் கணக்கிலும் முழுமையாக ஏற வேண்டும். பாதி ஏறும் என்றால் பேராசிரியர்கள் வரமாட்டார்கள், அவர்களும் மனிதர்களே.

மூன்றாவது, ஒரு பொதுப் பாடம். பௌதிகம், இரசாயனம், உயிரியல், எஞ்சினீயரிங் மாணவர்கள் ஒருங்கே அமர்ந்து கேட்கும் ஒரு விருப்பப் பாடம். அதற்குச் சோதனைகள் எளியன: நுண்குழாயில் நீர் ஏறுதல், கரித்தூளின் பரப்புக் கவர்ச்சி, துளியின் சேர்கோணம், பாக்கெல்ஸ் அம்மையாரின் தகரத் தொட்டி. இந்தத் தொட்டியை நம் பட்டறையில் ஒரு பகலில் செய்துவிடலாம்.

நான்காவது, வாரம் ஒரு மாலைக் கருத்தரங்கு. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: பேசுகிறவர் அடுத்த துறையாருக்குப் புரியும்படி பேச வேண்டும். புரியவில்லை என்று எழுந்து சொல்லும் உரிமை முதலாண்டு மாணவருக்கும் இருக்க வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

“அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல்” என்பார்கள் பெரியோர். பல துறைகளில் கால் வைக்கிறவன் எதிலும் தேறமாட்டான் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. நானும் அதை ஒப்புகிறேன். ஆனால் நான் கேட்பது ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் கற்க வேண்டும் என்பதன்று. அந்த அக்கா இரசாயனி ஆகவில்லை; நான் தாவரவியலான் ஆகவில்லை. அவர் தம் நிலத்தை ஆழ உழுதிருந்ததால்தான் என் பிழை அவர் கண்ணில் பட்டது. ஆழ உழுகிறவர்களின் வயல்களுக்கிடையே ஒரு வரப்பு இருக்கட்டும். அது நடந்து போகும் வரப்பாக இருக்கட்டும். வேலி வேண்டாம் என்கிறேன்.

இரண்டாவது மறுப்பு வயிற்றைப் பற்றியது. எனவே அதிக கனமானது. விரிவுரையாளர் தகுதிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உரிய சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் இரசாயனம், பௌதிகம், உயிரியல், புவியியல் சார்ந்தவை, கணிதம் என ஐந்தே பிரிவுகள். இரு துறைக்கு நடுவில் நிற்கிறவனை வேலைக்கு எடுக்கும்போது, இவன் எங்கள் ஆளில்லை என்று இரு பக்கமும் சொல்லிவிட்டால் என்ன செய்வது? இந்த அச்சம் எனக்கும் இருக்கிறது. வீட்டில் என் சம்பளத்தை எதிர்பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவேதான் தனிப் பட்டம் வேண்டாம் என்கிறேன். பட்டம் இரசாயனம் என்றே இருக்கட்டும். ஆராய்ச்சி மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும். 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை பலதுறைக் கல்வியைப் பக்கம் பக்கமாகப் புகழ்கிறது. புகழ்ச்சி நியமன விதிகளிலும் இறங்கி வந்தால்தான் மாணவன் துணிவான்.

மூன்றாவது மறுப்பு பணம். மேற்பரப்பின் அணுக்களை ஆராயும் உயர்வெற்றிடக் கருவிகள் கோடிக்கணக்கில் விலையாகும் என்பது உண்மை. அப்படிப்பட்ட ஒன்றைத் துறைக்கு ஒன்றாக வாங்க முடியாது என்பதே, கூடி வாங்கிக் கூடிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு முதற்காரணம். மேலே சொன்ன நான்கு காரியங்களுக்கோ, கருவி ஊழியரின் சம்பளம் நீங்கலாக, தகரத்துக்கும் தேநீருக்கும் ஆகும் செலவுதான்.

நம் சங்கம் தொடங்கட்டும்

நண்பர்களே! பல்கலைக்கழகத்தின் விதிகளை மாற்ற நமக்கு அதிகாரமில்லை. ஆனால் இவ்வளாகத்தில் எல்லாத் துறையினரும் ஒரே பாயில் அமரும் இடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது நம் சங்கம். பிழைப்புக்கும் படிப்புக்குமாகத் தமிழகத்தின் பல மூலைகளிலிருந்து இவ்வளவு தூரம் வந்தோம். மொழி நம்மை ஒரு பானையைச் சுற்றி நிறுத்தியது. பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் கூடும் நாம், மாதம் ஒரு மாலை ஆராய்ச்சிக்காகவும் கூடினால் என்ன? இந்த மாதம் பௌதிக மாணவர் ஒருவர், அடுத்த மாதம் விவசாய மாணவர் ஒருவர் என்று அவரவர் வேலையை நம் தமிழில் பேசட்டும். ‘பரப்புக் கவர்ச்சி’ என்ற சொல் பொருந்துமா, வேறு நல்ல சொல் உண்டா என்று இலக்கிய நண்பர்கள் வாதிடட்டும். அடுத்தவனுக்குப் புரிய வைக்கச் சொல் தேடும்போதுதான், நமக்கே எவ்வளவு புரிந்திருக்கிறது என்பது தெரியவரும். பிறகு பிறமொழி நண்பர்களையும் அழைப்போம். துறைத்தலைவர்களையும் அழைப்போம், தேநீருக்கு வராத பேராசிரியர் உண்டோ?

தாமரை இலையில் தொடங்கினேன், இலையிலேயே முடிக்கிறேன். பயிருக்கு வேப்பெண்ணெய் தெளிக்கும் நம் உழவர், கரைசலில் சிறிது சோப்பையும் கரைத்துக்கொள்வார். இல்லாவிட்டால் மருந்து எண்ணெயாகப் பிரிந்து நிற்கும். தெளித்தாலும் இலையில் தங்காமல் உருண்டுவிடும். ஒரு குடம் கரைசலுக்கு அந்தச் சோப்பு மிகக் கொஞ்சமே. ஆனால் ஒட்டாத இரண்டை ஒட்ட வைக்க அந்தக் கொஞ்சம் போதும்.

இப்பெரிய வளாகத்தில் நாமும் மிகக் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சத்தைக் கொண்டே தொடங்குவோம். வரும் மாதம் முதல் மாலைக்கு நான் தகரத் தொட்டி கொண்டுவருகிறேன். நீங்கள் என்ன கொண்டுவருகிறீர்கள்?